கனி கூப்பிட்டால் வரும் கிடா

எதிர்வீட்டுக் கிடாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. பால் வாங்கப் போனால்கூட முட்ட வரும். என் தொந்தியைத்தான் குறிவைக்கிறது என்பது தெருவின் ஒருமித்த கருத்து.

அதே கிடா, கனியின் மடியில் தலையை வைத்து அசையாமல் கிடக்கும்.

கனிக்கு இருபது வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை, யார் தொட்டாலும் அலறுவாள். மகள் வாய் திறந்தால் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டுவதாக, அவள் அம்மா முத்துலட்சுமி சுடலை சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது.

இன்று காலை தெருமுனையில் மேய்ந்துகொண்டிருந்த கிடாவை, வாசலில் நின்று கனி கூப்பிட்டாள். “வா.”

கிடா ஓடி வந்தது.

பின்னாலேயே முத்துலட்சுமி அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தாள். “அண்ணாச்சி, எம்மவ பேசிட்டா! வெள்ளிக்கிழம கொடையில வெட்டிருதோம். கறிச்சோறு சாப்பிட வந்திருங்க.”

“ஏளா, அவ பேசுனதே அந்தக் கிடாகிட்டதான?”

“சாமி கிடால்லா அண்ணாச்சி! சொன்னபடி செய்யலன்னா திரும்ப வாய அடச்சிருவாரு.”

ஊர்வம்பு முழுக்கப் பேசும் நான், சரியென்று தலையாட்டி அனுப்பிவைத்தேன்.

வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போகாமலிருக்க நல்ல பொய்யாக ஒன்று சொல்லுங்கள்.

சனிக்கிழமை அவள் “வா” என்றால் யார் போவது என்பதையும் சொல்லிவிடுங்கள்.