அம்மா பாஸ் போட்ட லேப்டாப்

"சர்ர்ர்" என்று ஓடும், திடீரென்று "டக்" என்று நிற்கும். கட்டைவிரல் நகத்தை ஒரு விளிம்பின்மேல் வைத்து இழுத்தால் வருகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் ஒரகடத்தில் நான் வளர்ந்தேன். அம்மா அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு லேப்டாப் கம்பெனியில் "ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்" பார்த்தாள். அதாவது, சாமான் அட்டைப்பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகத் தொட்டுப் பார்க்கிறவள். மூடி சேருகிற இடத்தில் இடுக்கு இருக்கிறதா என்று நாள் முழுக்க நகத்தை ஓட்டிப் பழகியவளுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நகம் சும்மா இருக்காது. டிபன் பாக்ஸ், என் ஜாமெட்ரி பாக்ஸ், புதிதாக இறங்கிய பீரோ, எதுவானாலும் ஒரு இழுப்பு இழுப்பாள், "டக்" என்று நின்றுவிட்டால் "ரிஜெக்ட்டு!" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி அறிவிப்பாள். அதற்குப் பயந்தே பக்கத்து வீட்டார் அவள் ஷிப்டுக்குப் போன பிறகுதான் புதுச் சாமான் இறக்குகிறார்கள் என்று அப்பா கிண்டல் செய்வார்.

பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்த கோடை அது. வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அம்மா ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். "ஒரே ஒரு தடவதான்டி. காலேஜ் முடிக்கிற வரைக்கும் அது ஒண்ணுதான். நடுவுல கெட்டுப்பூட்டுச்சின்னு வந்து நிக்கக் கூடாது." அவ்வளவுதான், வீடு இரண்டு கட்சியானது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா "அசெம்பிள்" கட்சி. ஸ்டாண்டு நண்பர் ஒருவர் பாதி விலைக்கு உதிரிகளை வாங்கிக் கோத்துத் தருவாராம், பெரிய திரை, இரண்டு ஸ்பீக்கர், விளையாட ஒரு ஜாய்ஸ்டிக் வேறு இலவசமாம். "கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தாம்மே, எல்லாத்துலயும் அதே ஏபிசிடிதான கீது?" என்பார். ஜாய்ஸ்டிக் என்ற சொல்லைக் கேட்டதும் நான் வெட்கமே இல்லாமல் அவர் கட்சிக்குத் தாவிவிட்டேன்.

அம்மா அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சவாரி ஏற்றாமல் மூன்று பேருமாக எங்கள் ஆட்டோவிலேயே ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்குக் கிளம்பினோம். வழி நெடுக வாக்குவாதம். கம்பெனி பஸ்கள் எழுப்பிய இரைச்சலையும் மீறிக் கத்தினாள்.

"ஒரு நாளைக்கு எத்தினி பீஸ் திருப்பி அனுப்பறோம் தெரியுமாயா? நல்லா ஓடற பீஸுகூட, மயிரிழை இடுக்கு இருந்தா தூக்கிப் போட்டுடுவோம். அந்தத் தூக்கிப் போட்டதுக்கெல்லாம் சேர்த்துத்தான் வெல ஜாஸ்தி!"

"அப்ப நீங்க தூக்கிப் போட்டதுக்கு நான் இன்னாத்துக்குக் காசு அழணும்?" என்றார் அப்பா.

கடைக்குள் ஏசி ஜில்லென்று அடித்தது. அம்மாவின் கம்பெனி மாடல் மூன்றைக் கடைக்காரர் மேசைமேல் வைத்தார். அம்மா ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு, அடியில் பேட்டரியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினாள். அங்கே பொட்டு அளவுக்கு ஒரு பாஸ் ஸ்டிக்கரும், அதில் சோதித்தவரின் நம்பரும் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் இரண்டில் வேறு யாருடைய நம்பரோ. மூன்றாவதைத் திறந்தவள் "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அறுவத்தி நாலு! என் நம்பருடி! இது என் கையால போனது!"

அப்பா கட்சியை மறந்துவிட்டு, "எங்க வூட்டுக்காரம்மா பாஸ் பண்ண பீஸு சார் இது!" என்று கடையில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் குதித்தேன், இதுதான் வேண்டும் என்று. அம்மா சிரித்துக்கொண்டே, வழக்கம்போல மூடி விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தாள். "சர்ர்ர்" என்று ஓடிய நகம் இடது கீல் பக்கம் "டக்" என்று நின்றது.

மறுபடி இழுத்தாள். மறுபடி "டக்".

"அதனால இன்னாக்கா, கண்ணுக்கே தெரியல. நீங்க வேற பீஸ் எடுத்துக்குங்க, இத வேற யாராச்சும் எடுத்துப்பாங்க" என்றார் கடைக்காரர்.

அம்மா பேட்டரியை மறுபடி மாட்டி, மூடியைச் சாத்தி, "இதையே பில்லு போடுங்க" என்றாள்.

நான் அந்தக் கடையில் போட்ட கூச்சலை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "ஒரே தடவைன்னு சொல்லிட்டு ரிஜெக்ட்டையா வாங்கித் தர்ற? எனக்கு வாணாம் போ!" என்று அழுதேன். அப்பா தாழ்ந்த குரலில், "கம்பெனிக்கே திருப்பி அனுப்பச் சொல்லேன்மே. உன் நம்பரு மாட்டிக்கும்னு பயமா?" என்று கேட்டார்.

"பயமும்தான்யா" என்றாள் அம்மா. "ஆனா நான் வுட்டத இன்னொருத்தர் தலையில கட்டச் சொல்றியா? அவங்க வூட்லயும் ஒரு பொண்ணு கீறான்னு வச்சுக்கோ."

அப்படித்தான் அந்த லேப்டாப் எங்கள் வீட்டுக்கு வந்தது. மறுநாள் அவளே சூப்பர்வைசரிடம் போய் நடந்ததைச் சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் லேப்டாப்போடு அன்றிரவே பேச ஆரம்பித்துவிட்டேன்! என்ன சொல்ல, பிரமாதமாக ஓடியது. ப்ளஸ் டூ, காலேஜ், ப்ராஜெக்ட், எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். காலேஜ் மூன்றாம் வருஷம் ஒருநாள் இடது கீல், மிகச் சரியாக அதே இடத்தில், ஆட ஆரம்பித்தது. ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு, "பாத்தியாம்மா, எல்லாம் உன் வேலதான்!" என்று பொரிந்து தள்ளினேன். அந்தப் பக்கம் சிரித்தாள். "ஆமான்டி, என் வேலதான். எடுத்துகினு வா, மாத்திக் குடுக்கறேன்." கீலை மாற்றிக் கொடுத்தாள். வேலைக்குச் சேரும்வரை ஓடியது.

அதிக விலைக்கு அது தகுமா என்று கேட்டால், தகும் என்று அடித்துச் சொல்வேன். நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவின் நண்பர் கோத்துக் கொடுத்த கம்ப்யூட்டரை எதிர்வீட்டில் வாங்கினார்கள். அதுவும் பல வருஷம் ஜம்மென்று ஓடித் தொலைத்தது. அப்பா அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

போன மாதம், மறைமலை நகரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் புது லேப்டாப் கொடுத்தார்கள். பெரிய பெயர், பெரிய விலை, நோட்டுப் புத்தகம்போல மெலிசு. ஆசை ஆசையாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பேட்டரியைக் கழற்ற வழியே இல்லை, எல்லாம் உள்ளே வைத்து மூடியாகிவிட்டது. இப்போதெல்லாம் கம்பெனிகளில் ஆளுக்குப் பதிலாகக் கடைசியாகச் சோதித்துப் பார்ப்பது கேமராதானாம். வேலையை விட்டு வீட்டில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"யாரு பாஸ் பண்ணாங்கன்னு எங்கியுமே போடலியா?"

"எங்கியுமே இல்லம்மா."

அம்மா நிஜமாகவே கவலைப்பட்ட குரலில் கேட்டாள்.

"அப்ப அது கெட்டுப்போனா யாருக்குடி போன் போட்டுத் திட்டுவ?"