அப்பா தடவிப் பார்த்த கசிவு

சூடேறிய ஹைட்ராலிக் எண்ணெய்க்கென்று ஒரு மணம் உண்டு. முறுக்கு சுட்ட சட்டியைக் கழுவாமல் மறுநாளும் அடுப்பில் ஏற்றினால் வருமே, அந்தக் காறல் மணம். தாராவியில் கீழே பட்டறை, மேலே எங்கள் "கோலி" என்று ஒற்றை அறையில் வாழ்ந்த நாட்களில், வைக்கிற ரசத்தில்கூட அது ஏறிவிடுகிறதென்று அம்மா புலம்பிக்கொண்டே இருப்பாள். பட்டறை அப்பாவும் சித்தப்பாவுமாக நடத்தியது. அப்பாவுக்கு எல்லா வேலைக்கும் கைதான் அளவு. பேரிங் சூடேறுகிறதா, வெல்டிங் வைத்த இடம் ஆறிவிட்டதா, குழாய் எங்கே கசிகிறது, எல்லாவற்றையும் உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவார்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு, கான்ட்ராக்டர் ஒருவர் பழைய டிராக்டரைக் கொண்டுவந்து எங்கள் "கல்லி" என்ற குறுகிய தெருவை அடைத்து நிறுத்தினார். நாசிக் பக்கம் எங்கோ உழுதுகொண்டிருந்த வண்டி, இனிமேல் பம்பாயில் இடித்த கட்டிடங்களின் "மல்பா" என்ற இடிபாட்டை அள்ளப் போகிறதாம். வயலையே பார்த்திராத நாங்கள் அதைக் கோயில் யானையைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி வந்தோம். பின்னால் கலப்பையைத் தூக்குவதற்கென்று அதில் ஏற்கனவே ஓர் எண்ணெய் பம்ப் இருந்தது. அந்த எண்ணெயை இரும்புக் குழாய் வழியாக முன்பக்கம் கொண்டுவந்து, நடுவில் கைப்பிடியோடு ஒரு வால்வை வைத்து, அங்கிருந்து தடித்த ரப்பர் ஹோஸ்களால் இரண்டு ஜாக்குகளுக்குக் கொடுத்து, மண் அள்ளும் பக்கெட்டைத் தூக்க வைக்க வேண்டும். ஹோஸ்கள் ஏதோ உடைத்துப் போட்ட வண்டியிலிருந்து கழற்றியவை. அப்பா அவற்றைக் கழுவித் துடைத்து மாட்டினார்.

பட்டறையிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் பூஜை உண்டு. கற்பூரம் ஏற்றும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தேங்காய் உடைக்கும்வரை அணைக்கவே கூடாது, அணைத்தால் வண்டி பாதி வழியில் படுத்துவிடும் என்பது எங்கள் கல்லியின் சட்டம். சித்தப்பா தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்தார். "மொதல்ல வீட்டுப் பொம்பளப் புள்ளய ஏத்தணும்ணே. லெச்சுமி ஏறுனாத்தான் லோடு வந்துக்கிட்டே இருக்கும்." அப்படித்தான் பட்டுப்பாவாடையைச் சுருட்டிக்கொண்டு நான் அந்தப் பக்கெட்டில் உட்கார்ந்தேன். அது என்னை எங்கள் கோலியின் ஜன்னல்வரை தூக்கிச் சென்றபோது, ஜன்னலுக்குள் நின்ற அம்மாவைப் பார்த்துப் பெருமை தாங்காமல் சிரித்தேன்.

பிறகு பக்கெட் நடுங்கியது. யாரும் தொடாமலே, என்னோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கத் தொடங்கியது. ஒரு கனமான கை என் தோளை அழுத்துவதாகவே எனக்குத் தோன்றியது. சித்தப்பா கைப்பிடியை விடாமல் இழுத்துப் பிடித்தார், பம்ப் அலறியது.

"எங்கயோ லீக் ஆவுதுண்ணே. ஆஃப் பண்ணிரட்டா?"

"கற்பூரம் எரியுதுல்லா, சும்ம கெடல," என்றபடி அப்பா ஹோஸை மேலிருந்து கீழாக வலது உள்ளங்கையால் தடவிக்கொண்டு வந்தார். மேலேயிருந்த எனக்கு அந்தக் கை நன்றாகத் தெரிந்தது. ஓரிடத்தில் அது வெடுக்கென்று பின்வாங்கியது.

ஆள்காட்டி விரலின் அடியில் ஊசி முனையளவு ஒரு புள்ளி. ரத்தம் இல்லை, வலியும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து, பம்ப் தள்ளிய அழுத்தத்தில் பீய்ச்சிய எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போயிருந்தது என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. அம்மா இறங்கி வந்து, "மஞ்சளக் கொழச்சுப் போடுதேன், காட்டுங்க," என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியவர், "ரத்தமே வரல, பொறவு என்ன காயம்?" என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும்தான். அந்தக் கையாலேயே தேங்காய் உடைத்தார். ஹோஸை மாற்றி வேலையை முடித்தார். பக்கெட் தரையைத் தொட்டதும் அழுதபடி குதித்தோடிய என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்து, அந்தக் கையாலேயே பூந்தியும் ஊட்டினார்.

விடிந்தபோது அந்தக் கை அப்பாவுடையதாக இல்லை. வெளுத்து, வீங்கி, தொட்டால் மீனைப்போலச் சில்லென்று இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்ததும், "கல் க்யூ நஹீ ஆயா?" என்று கேட்டார். ஏன் நேற்றே வரவில்லை என்ற அந்தக் கேள்விக்கு அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். உள்ளங்கையைக் கிழித்து எண்ணெயை வழித்தெடுத்தார்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை.

டிராக்டர் போய்விட்டாலும் எங்களை விடவில்லை. பெரிய ரோட்டில் அதன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு, அது தேய்ந்து மறையும்வரை அசையாமல் நிற்பாள். சாப்பிட உட்கார்ந்தால் அப்பா இல்லாத விரலைச் சொறியப் போய், வெறும் காற்றைச் சொறிந்துவிட்டுக் கையை மடியில் ஒளித்துக்கொள்வார். எனக்கு அந்த வீட்டில் பயமாக இருந்தது.

இன்று அந்தக் கல்லி இல்லை. பட்டறை நின்ற இடத்தைத் தகரவேலி போட்டு மறைத்திருக்கிறார்கள். அம்மாவும் சித்தப்பாவும் இல்லை. அப்பா செம்பூரில் என்னோடு மூன்றாவது மாடியில் இருக்கிறார். போன மாதம் எங்கள் கட்டிடத்தின் கீழே பள்ளம் தோண்ட ஓர் இயந்திரம் வந்தது. அதை ஓட்டியவர், நடுத்தர வயதுக்காரர், இன்ஜினை ஓடவிட்டபடியே இறங்கி வந்து, கசியும் ஹோஸைக் கையால் தடவத் தொடங்கினார். ஜன்னலில் நின்ற அப்பா, "அரே, ஹாத் மத் லகா!" என்று, கை வைக்காதே என்று கத்தினார். இரைச்சலில் கேட்கவில்லை. மூன்று விரல் கையை வெளியே நீட்டி வேகமாக ஆட்டினார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்து, யாரோ பெரியவர் கைகாட்டுகிறார் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையசைத்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் அப்பா படியிறங்கி ஓடினார். நான் பின்னாலேயே போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதரின் மணிக்கட்டை அப்பா பிடித்திருந்தார். அந்த மனிதர் பயந்துபோய் மறுகையால் எட்டி இன்ஜினை அணைத்தார், கையை விரித்துக் காட்டினார், ஒன்றும் ஆகவில்லை பாபுஜி என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அந்தக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார், விடவேயில்லை.