தோரா நாட்ராஸின் ஒரு மணி நேரம்

ஹாரோகில் கிராமத்தில் கடைசி வீடு தோரா நாட்ராஸுடையது. அதற்கு மேல் ஆட்டுச் சுவர், அதற்கும் மேல் மலை. மலைக்குள் எங்கள் முப்பாட்டன்கள் காரீயம் தோண்டிய சுரங்கங்கள். காரீயத்துக்கு விலை இல்லாமல் போய் அவற்றை மூடி எழுபது எண்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு அவற்றைச் சும்மா விட மனசில்லை. சனிக்கிழமை வந்தால் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். உடைந்த தள்ளுவண்டி ஒன்றையோ, களிமண்ணில் அழியாமல் கிடக்கும் பூட்ஸ் தடத்தையோ பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் பேசுவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். அதில் என்ன சுகம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தோரா ஒருநாளும் போனதில்லை. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி அவள். அறுபது பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்து மசித்தே தோள் அகன்றவள். கால் ஓரிடத்தில் தரிக்காது. சாப்பாட்டைக்கூட ஜன்னலோரம் நின்றபடிதான் சாப்பிடுவாள். அவள் புருஷன் கிளெம், கற்சுவர் கட்டுகிறவன், பொழுதுக்கும் கிண்டல் செய்வான். "சவப்பெட்டியில வச்சு ஆணி அடிச்சாலும் எந்திரிச்சு நடப்பாடா இவ."

இந்தப் பரபரப்பு அவளுக்குப் பிறவியிலேயே இருந்ததல்ல. அறுபத்தொன்றாம் வருஷம், மார்ச் மாதம், ஒரு மோட்டார் சைக்கிள் அவள் வேலியோரம் வந்து நின்றது. சனிக்கிழமை நின்றது, ஞாயிற்றுக்கிழமையும் நின்றது. திங்கட்கிழமை காலையில் அதன் இருக்கையில் உறைபனி படிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. அதில் வந்த இரண்டு பையன்களை ஸ்மால்கில் சுரங்கத்தில் கண்டுபிடித்தோம். விளக்கு அணைந்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, நாற்பது மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தன் கையையே கடித்து வைத்திருந்தான். உயிர் பிழைத்துவிட்டார்கள், ஆனால் தோராவுக்கு அது ஆறவில்லை.

"ரெண்டு நாளா என் கண்ணு முன்னாடிதான் நின்னுச்சு, ஜோ. அதைப் பாத்துக்கிட்டே நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு கரும்பலகையைத் தூக்கி வந்து வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். யார் உள்ளே போனாலும் அதில் எழுத வேண்டும். பேர், எந்தச் சுரங்கம், எத்தனை மணிக்கு வெளியே வருவார்கள். வந்ததும் அவரவர் பேரை அவரவர் கையால்தான் அழிக்க வேண்டும். அடுத்தவன் அழிக்கக் கூடாது. சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் பார்ப்பாள். அதற்கு மேல் ஒரு நிமிஷம் போனாலும் மீட்புக் குழுவுக்குப் போன் பண்ணிவிடுவாள். குழு என்றால் வேறு யாருமில்லை, நாங்கள்தான். பதினோரு பேர், முக்கால்வாசி ஆட்டுக்காரர்கள், சம்பளம் கிடையாது.

பதின்மூன்று வருஷம் இது ஒழுங்காக நடந்தது. அவள் நாலு தடவை போன் செய்தாள், நாலு தடவையும் உள்ளே நிஜமாகவே யாரோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அவளுக்குப் பெரிதாக நன்றி சொன்னதாக நினைவில்லை. கரும்பலகை அங்கே இருந்தது, அவளும் இருந்தாள், அவ்வளவுதான்.

பிறகு எழுபத்துநாலு ஜூலை வந்தது. எங்கள் மலையில் கோடை என்பது மொத்தமே ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குள் புல்லை அறுத்து, காயவைத்து, கொட்டகையில் ஏற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் குளிர்காலத்தில் ஆடுகளுக்கு எதைப் போடுவது? அன்றைக்குப் பதினோரு பேரின் புல்லும் வெட்டுப்பட்டுத் தரையில் கிடந்தது.

அன்றைக்குத்தான் எட்கர் டாலன்டைர் ஸ்மால்கில்லுக்குள் போயிருந்தான். எட்கர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவன். எங்களில் அவனைப்போல் அந்த மலையின் உள்வயிற்றை அறிந்தவன் இல்லை. பாட்டும் சிரிப்புமாக இருப்பான், அவன்மேல் கோபப்பட யாருக்கும் வராது. பலகையில் "நாலு மணி" என்று எழுதியிருந்தான். ஐந்து ஆகியும் ஆளைக் காணோம். தோரா போன் செய்தாள்.

நாங்கள் புல்லை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். நாலு மணி நேரம் தண்ணீரிலும் சேற்றிலும் தவழ்ந்து தேடினோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் பார்த்தால், எட்கர் மலைக்கு அந்தப்புறம் வேறு ஒரு சுரங்க வாய் வழியாக மூன்றரைக்கே வெளியே வந்திருக்கிறான். பக்கத்துப் பள்ளத்தாக்கின் மதுக்கடையில் இறைச்சிப் பணியாரமும் பீருமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். எட்டு மைல் தள்ளி இருக்கும் பலகையில் பேரை அழிக்க வேண்டும் என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. அவன் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தான், மன்னிப்புக் கேட்டான், எங்களையெல்லாம் சிரிக்க வைத்தான். ஆனால் புல் அழுகிக் கிடந்தது, கோபம் எங்கேயாவது போய் விழுந்தாக வேண்டுமே. அது தோராமேல் விழுந்தது. மறுநாள் தேவாலய வாசலில், ஊர் முழுக்க நிற்கும்போது, நான்தான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்கோபம். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"அடுத்த தடவை போனைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு டீ போட்டுக் குடி தோரா. ஆற அமரக் குடி. உன் கால் அரிப்புக்கு எங்க புல்லு அழுகணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. அன்றிலிருந்து ஊரில் யார் எதற்குத் தாமதமானாலும், "சீக்கிரம் வாடா, தோரா போன் பண்ணிடப் போறா" என்பது பேச்சாகிவிட்டது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கால் மணி நேரம் தாமதமானதற்குக்கூட அதைச் சொல்லிச் சிரித்தோம். எட்கர் ஒரு டப்பா மிட்டாயோடு போய் அவளைச் சமாதானப்படுத்தினான்.

"கோவிச்சுக்காதே தோரா கண்ணு. உன்னை மாதிரி எனக்காகத் தவிக்க வேற யாரு இருக்கா?"

"போடா, வேலையப் பாத்துக்கிட்டு" என்றாளாம். ஆனால் பலகையை அவள் கழற்றவில்லை.

எழுபத்தாறு ஏப்ரல் மாதம். ஆடுகள் குட்டி போடும் காலம். இரவு பகல் தெரியாமல் நாங்கள் கொட்டகையிலேயே கிடந்தோம். கிளெம் அடுத்த பள்ளத்தாக்கில் தன் அண்ணன் பண்ணைக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தான். அந்தச் சனிக்கிழமை எட்கர், ஸ்மால்கில்லுக்குள் மேல்தட்டு என்று நாங்கள் சொல்லும் பழைய பாதைக்கு என் தம்பி லான்ஸைக் கூட்டிக்கொண்டு போனான். என்னிடம் ஆடு மேய்க்கக் கூலி வாங்குகிறவன், வேலை தலைக்குமேல் கிடக்கும்போது ஊர்சுற்றப் போகிறானே என்று அவனைத் திட்டித்தான் அனுப்பினேன். பலகையில் இரண்டு பேர் பேரும், "நாலு மணி" என்றும் இருந்தது.

அதன்பின் நடந்ததைத் தோரா சொல்லித்தான் அறிந்தேன்.

நாலு ஆனது. ஐந்து ஆனது. அவள் போய்ப் போனைத் தூக்கினாள், வைத்தாள். வேலிவரை போய் மலையைப் பார்த்தாள், திரும்பி வந்தாள். எட்கர்தானே, அந்தப்புறமாக வெளியே வந்து பாடிக்கொண்டிருப்பான். ஆடு குட்டி போடும் நேரத்தில் பதினோரு பேரையும் இழுத்துப்போட்டு, ஒரு குட்டி செத்தாலும் ஊர் என்ன சொல்லும்? மதுக்கடைக்குப் போன் செய்து கேட்டாள். அங்கே வரவில்லை என்றார்கள். இன்னும் வந்து சேர்ந்திருக்க மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தரையைத் துடைத்தாள். துடைத்த தரையையே மறுபடியும் துடைத்தாள். ஐந்தே முக்காலுக்கு அவளால் முடியவில்லை. யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், நாமே போய் ஒரு குரல் கொடுத்துப் பார்ப்போம் என்று கிளெமின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். போகும்போது தன் சட்டத்தைத் தானே மீறாமல், பலகையில் எழுதிவிட்டுப் போனாள். "தோரா நாட்ராஸ். ஸ்மால்கில். ஆறரை மணி."

அதைப் படிக்க வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்தப் பலகையைப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

ஏழு பத்துக்கு நான் அங்கே போனது தம்பியைத் தேடி அல்ல. தாய் செத்த ஒரு குட்டிக்குப் புட்டிப்பால் ரப்பர் கேட்கப் போனேன். கதவு திறந்து கிடந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது. பலகையில் மூன்று பேர். அவள் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறரையோடு ஒரு மணி நேரம் என்றால் ஏழரை. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், நான் காத்திருந்தேன். பத்து நிமிஷம். ஜன்னலுக்குப் போனேன், வேலிக்குப் போனேன், திரும்பி வந்தேன். உட்காரப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே இருப்பது என் கூடப்பிறந்தவன். ஆனாலும் போனைத் தொடும்போது, ஊரில் யார் யார் என்ன சொல்வார்கள் என்றுதான் மனசு கணக்குப் போட்டது. இந்தக் கூடத்தில் இவள் எத்தனை சனிக்கிழமை இப்படி நடந்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழு இருபதுக்குக் குழுத் தலைவன் வில்சன் பியர்ட்டுக்குப் போன் செய்தேன்.

"தோரா வீட்டுலேருந்தா பேசுற?" வில்சன் சிரித்தான். "டீ போட்டுக் குடிச்சியா ஜோ?"

"வில்சன், லான்ஸ் உள்ள இருக்கான்."

"எட்கரோட தானே? வருவானுங்கடா. ஒரு ஆடு பாதி ஈன்னுக்கிட்டு நிக்குது எனக்கு."

"தோராவும் உள்ள இருக்கா" என்றேன்.

"வரோம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

ஸ்மால்கில்லில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். அறுநூறு கஜம் போனால் தரையில் ஒரு பாழும் குழி, அதன்மேல் பாலமாக ஒற்றை மரப்பலகை. அதைத் தாண்டினால் மேல்தட்டு. அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் கழிவுக் கல்லை வெளியே கொண்டுபோகும் சிரமத்துக்குச் சோம்பி, தலைக்கு மேலே கட்டைகளைக் குறுக்கே கொடுத்து, அதன்மேல் டன் கணக்கில் அடுக்கிவிடுவார்கள். கட்டை உளுத்து நூறு வருஷம் ஆகியிருக்கும், கல் மட்டும் பழக்கதோஷத்தில் மேலே நிற்கும். அதற்கடியில் தும்மக்கூடக் கூடாது என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எட்கர் தும்மவில்லை. அது தானாகவே இறங்கியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. எங்கள் வெளிச்சம் பட்டதும் தோரா கண்ணை மூடிக்கொண்டாள். குவியலோடு சாய்ந்து, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். வலது கை தோள்வரை கல்லிடுக்குக்குள் போயிருந்தது. பலகையைக் கடந்தபின் வழுக்கி விழுந்ததில் அவள் டார்ச் தண்ணீரில் போய்விட்டது. இருட்டில் அந்த ஒற்றைப் பலகையைத் திரும்பக் கடக்க வழியில்லை. எட்கரின் குரல் கேட்ட பக்கமாகத் தவழ்ந்து, அங்கேயே தங்கிவிட்டாள்.

"லான்ஸ் அந்தப் பக்கம் நல்லா இருக்கான். பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள். பிறகு, "எட்கர் போய்ட்டான். கையை விட மனசு வரல" என்றாள்.

லான்ஸை நாலு மணி நேரத்தில் வெளியே எடுத்தோம். ஒரு கீறல்கூட இல்லை. எட்கர் குவியலின் இந்தப்புற ஓரத்தில் கிடந்தான், அவனை அரை மணி நேரத்திலேயே எடுத்துவிட்டோம். கால் நசுங்கி ரத்தம் போயிருந்தது. ஆறரை ஏழுக்குள் எடுத்திருந்தால் கால் போயிருக்கும், ஆள் இருந்திருப்பான் என்றார் டாக்டர். ஐந்து மணிக்குப் போன் வந்திருந்தால் எடுத்திருப்போம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அடக்கம் முடிந்ததும் ஊர் என் முதுகைத் தட்டியது. கல் விழுந்ததற்கு நீ என்ன செய்வாய் என்றார்கள். என் மனைவி சொன்னாள், பாதிரியார் சொன்னார், லான்ஸ்கூடச் சொன்னான். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பத்து நாள் பொறுத்து, தோரா வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடிதான்.

"நீ போனப்ப எட்கர் பேசினானா?" என்று கேட்டேன்.

"பேசினான். 'போன் பண்ணிட்டியா தோரா கண்ணு?'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"பண்ணிட்டேன், எல்லாரும் வந்துக்கிட்டே இருக்காங்கன்னு சொன்னேன். சிரிச்சான். 'செத்தேன். எல்லாரும் ஆட்டுக்குட்டிகளை அப்படியே விட்டுட்டு வந்து என்னைத் திட்டப் போறானுங்க'ன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் எனக்காக ஏதோ பாடினான்."

கத்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"தோரா, அன்னைக்குக் கோயில் வாசல்ல நான் அப்படிப் பேசலைன்னா நீ அஞ்சு மணிக்கே போன் பண்ணியிருப்பே, இல்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்றுதான் போயிருந்தேன். ஊரே சொன்னதை அவளும் சொல்லிவிட்டால் அன்றிரவு தூங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"பண்ணியிருப்பேன், ஜோ" என்றாள். "அவன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். உன்கிட்டயும் ஒண்ணு சொல்ல முடியாது."