வடிவின் தையலும் மதினியின் பத்தியமும்

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இலங்கைக்குச் சொந்தமா, இந்தியாவுக்குச் சொந்தமா என்று இரண்டு அரசாங்கங்களும் இழுபறிப்பட்டுக்கொண்டிருந்த அறுபதுகளின் தொடக்கம். சண்முகவடிவின் மார்பு விஷயத்தில் அந்தக் குழப்பமே இல்லை. அது வட்டகொடைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் மேல்லயம், கீழ்லயம் என்ற இரண்டு வரிசைக் குடியிருப்பிலும் எல்லோருக்கும் சொந்தம். போகிறவன் வருகிறவனெல்லாம் அதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருந்தான். சுமந்தவளைத்தான் கேட்பாரில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு தலையைப் பின்னே இழுத்தது, மார்பு கழுத்தை முன்னே இழுத்தது. மார்புக்கு அடியில் வேர்வையில் தோல் வெந்து புண்ணாகிக் கிடந்தது.

கடைசியில் கண்டியில் ஒரு டாக்டர் அந்தப் பாரத்தைக் குறைத்துத் தைத்து அனுப்பினார். "முட்டை, மீன், பருப்பு எல்லாம் நல்லா சாப்பிடணும். கையைத் தூக்கக் கூடாது. கட்டு நனையக் கூடாது," என்றார்.

அவர் வெறும் டாக்டர்தானே! லயத்தில் மீனம்மா இருந்தாள். வடிவின் புருசன் மாயாண்டிக்கு அக்கா, சுவரொட்டிய அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், குடியிருப்பவள். அக்கா பேச்சு என்றால் மாயாண்டி வாயில் ஈ புகுந்தாலும் மூட மாட்டான்.

"மாருல கத்தி வச்சா புள்ள பெத்தவ பத்தியந்தான்," என்று மீனம்மா தீர்ப்புச் சொன்னாள். பிள்ளை எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சுட்ட பூண்டு, மிளகு ரசம், ஒரு பிடிச் சோறு, தொண்டை நனைய ஒரு வாய்த் தண்ணீர். மீனும் முட்டையும் சீழ் வைக்குமாம்.

வடிவு மெலிந்தாள். தையல் சேருமிடத்தில் புண் வாய் பிளந்து நீர் கசிந்தது.

"ஒளிச்சுத் தண்ணி குடிச்சிருப்ப," என்றாள் மீனம்மா.

கொழுந்துக்காரிகளை வேலை வாங்கும் கங்காணி கந்தப்பனும் வாசலில் வந்து நின்று அக்கறையாக விசாரித்தார். "கொழுந்து கிள்ள வெரலுதானே வேணும்? வெரலு நல்லாத்தானே இருக்கு. நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வந்து பேர் குடுத்துரு."

அன்றைக்குத்தான் வடிவுக்குப் பயம் பிடித்தது. இந்தப் புண் மூடாவிட்டால் மறுபடி கத்தி. மறுபடி போக மாயாண்டி விடவே மாட்டான். பயம் முற்றிக் கோபமானது.

"மதினி, வெட்டுப்பட்டது என் ஒடம்பு. நீங்க ஒங்க வீட்டுல பத்தியம் இருங்க," என்றாள். கங்காணியிடம், "புண்ணு ஆறுனதும் வாறேங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மாயாண்டியைக் கடைக்கு விரட்டி முட்டையும் கருவாடும் வாங்க வைத்தாள். வேகவைத்து உலர்த்திய துணியால் கட்டினாள். லயம் முழுக்கக் கருவாடு மணத்தது. சீழ் வரும் வரும் என்று எல்லோரும் தேரைப் பார்க்கக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார்கள். தேர் வரவில்லை. புண்தான் மூடியது.

தழும்பு உலர்ந்த பிறகு ஒரு மத்தியானம் மீனம்மா உள்ளே வந்து கதவுக்குத் தாழ் போட்டாள். இனி என்ன பத்தியமோ என்று வடிவு நாக்கைத் தீட்டி வைத்துக்கொண்டாள். மீனம்மா ரவிக்கையை அவிழ்த்தாள். மார்புக்கு அடியில் அதே வெந்த தோல், அதே புண். வடிவுடையதைவிட மோசம்.

"எப்ப இருந்து மதினி?"

"கல்யாணத்துக்கு முந்தியிருந்தே."

வடிவு கொடியில் உலர்ந்த துணியை எடுத்து மதினியின் கையில் கொடுத்தாள்.

மீனம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "ரொம்ப வலிக்குமா வடிவு?"