கால்மிதியின் அடிப்பக்கம்

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தவளை குதித்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். அதை மறைக்கத்தானோ என்னவோ, வாயை மட்டும் பெரிதாக வளர்த்து வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை வந்த பயத்தில் வாய்கூட எழும்பவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தபோது வழுக்கி, தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்ததில் என் முழங்கால் போனது. மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டத்தில் வேலை ஏது? பெயரை வெட்டிவிட்டார்கள். வீட்டுக்காரருக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை இருந்ததால், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடான லயத்தில் எங்கள் காம்பரா, அந்த ஒற்றை அறை, எங்களிடமே இருந்தது.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் பேசுவாள், பேசினால் சண்டை வரும் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தச் சண்டைக்குப் பயந்தோ என்னவோ, உடைந்த குடையின் கம்பி ஒன்றை நெருப்பில் காட்டி, நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து என் கையில் கொடுத்தார். சாக்குத்துணியின் இழைக்குள் அந்தக் கொக்கியை விட்டு, கிழித்த துணிக் கீற்றைச் சின்ன வளையமாக மேலே இழுக்க வேண்டும். பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. இழுக்க இழுக்க மெத்தென்று ஒரு கால்மிதி வந்துவிடும். முதல் மிதியைச் சிமெந்துத் தரையில் குளிரில் தவழ்ந்த என் பிள்ளைக்காகச் செய்தேன்.

கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த நானாதான் அதை ஒரு தொழிலாக்கிவிட்டார். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைக்குச் சட்டை தைக்கப் போன இடத்தில், துணியைச் சுற்றிக் கொண்டுபோயிருந்த அந்த மிதியைத் தடவிப் பார்த்தார். வெட்டித் தள்ளுகிற துணியெல்லாம் மூலையில் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போய் இதே மாதிரி செய்து கொண்டு வா, வாசலில் தொங்கவிடுகிறேன் என்றார். அவர் அதற்கு ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் பஸ் நிற்கிற நேரத்தில் இறங்கி வந்து வாங்கிப் போனார்கள். என் கையால் செய்ததை முகம் தெரியாத யாரோ வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள் என்று நினைக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

துணி நானா கொடுத்தார். சாக்கைக் கொடுத்தது லயத்துப் பெண்கள். கொழுந்தை நிறுத்து ஸ்டோருக்கு ஏற்றுகிற சாக்கு கிழிந்துபோனால், கணக்கப்பிள்ளை அதைத் தூக்கிப் போடுவார். பனியும் தேயிலைக் குச்சியும் படாமல் இருக்க அதை இடுப்பில் படங்காகக் கட்டிக்கொள்வது வழக்கம். படங்கும் நைந்துபோனால் என் வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சாக்குகளில் கறுப்பு மையில் இங்கிலீசில் தோட்டத்துப் பெயர் குத்தியிருக்கும். அதை நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள். யாரும் அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை. அடிப்பக்கம்தானே என்று அப்படியே விட்டுத் துணியை இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானா ஒரு மிதியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இது ஒங்கட தோட்டத்துப் பேருதானே தங்கச்சி? நாளைக்குக் களவெடுத்த சாக்குன்னு சொல்லிப்போடுவாங்க. கவனம்.”

கிழிசலை யார் நானா களவெடுப்பார்கள் என்று சிரித்துவிட்டு வந்தேன். சிரித்த வாய்க்கு நன்றாகத்தான் கிடைத்தது.

சனிக்கிழமை காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், கண்டாக்கு ஐயா எல்லோரையும் நிறுத்தி வைத்தாராம். துரைக்கு அடுத்தபடியாக மலையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். கொழுந்துச் சாக்கு குறைகிறது, நாளைக்கு லயத்தைச் சோதிக்கப் போகிறேன், எழுத்துக் குத்திய சாக்கு யார் காம்பராவில் இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குப் பத்துச்சீட்டுத்தான் என்று சொல்லியிருக்கிறார். சாயந்தரத்துக்குள் பெண்களெல்லாம் படங்கை அவிழ்த்துக் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

நான் எதைக் கொண்டுபோய்ப் போடுவேன்? என் சாக்கெல்லாம் வெட்டுப்பட்டு மிதியாகிக் கிடந்தன. எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுக்கவும் முடியாது. அடிச்சாக்கில் கத்தரி வைத்தால் மேலே இழுத்த துணியெல்லாம் பொலபொலவென்று கழன்றுவிடும். வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லையே என்று அவர் கையை விரித்துவிட்டாராம். அவருக்கும் வேலை போய்விடும் என்ற பயம். யாரைக் குறை சொல்வது?

பத்துச்சீட்டு என்றால் வேலை மட்டும் போவதில்லை. காம்பராவும் போகும். அந்தச் சீட்டோடு போகிறவனைப் பக்கத்துத் தோட்டத்திலும் சேர்க்க மாட்டார்கள். எங்களை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு நாட்டு அரசாங்கமும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பாட்டன் விட்டு வந்த, கடலுக்கு அந்தப் பக்கத்து ஊரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. லயத்துப் படியை விட்டு இறங்கினால் கைப்பிள்ளையோடு ரோட்டில்தான் நிற்க வேண்டும். எல்லாம் என் கொக்கியால் வந்த வினை.

அடுப்பில் போட்டுக் கொளுத்தப் பார்த்தேன். மழைக்கால ஈரச் சாக்கு, பற்றவில்லை. புகைதான் சுருண்டது. “புகை தொர பங்களா வரைக்கும் போயி நம்மளக் காட்டிக் குடுக்கும்” என்று வீட்டுக்காரர் தண்ணீரைக் கொட்டி அணைத்தார். எழுத்தின் மேல் துணியை வைத்துத் தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். ஊசிக் காதில் நூல் ஏறவில்லை. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் சட்டி பானையை மூட்டையாகக் கட்ட ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அப்போது பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளே வந்தாள். லயமே தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவளோடு நான் போடாத சண்டை இல்லை. மிதிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டாள்.

“ஒனக்கு இப்ப கையும் ஓடாது காலும் ஓடாது. நான் பாத்துக்கிறேன், நீ புள்ளையப் பாரு.”

ஆற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிடு அக்கா என்று பின்னாலேயே கெஞ்சினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆற்றில் போடச் சொன்னதை வாசலுக்கு ஒன்றாகக் கோலம் போட்ட மாதிரி பரப்பி வைத்திருந்தார்கள். என் வாசலைத் தவிர லயத்தில் ஒரு வாசல் பாக்கியில்லை. அடிப்பாவிகளா, உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று அக்காவைப் பிடித்துக் கேட்டேன். ஒரு மிதியைத் திருப்பினால் என் குடும்பம் போகும், இப்போது லயமே போகப்போகிறது என்று அழுதேன். வாயை மூடிக்கொண்டு உள்ளே போ என்றாள் அவள். பொறுக்கி எடுத்துவிடலாம் என்று நான் எழுந்தபோது கீழே பாதையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

கண்டாக்கு ஐயா ஒரு காவல்காரனோடு நேராக என் காம்பராவுக்குத்தான் வந்தார். வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். கட்டிய மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள். கம்பளியை உதறினார்கள். அரிசிப் பானைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள். காவல்காரன் என் கொக்கியை எடுத்து நீட்டினான். குடைக்கம்பிங்க என்று சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதைக் கீழே போட்டுவிட்டு அக்காவின் வாசலுக்குப் போனார்கள்.

மழை விட்டு அப்போதுதான் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சப்பாத்து நிறையச் சேறு. கண்டாக்கு ஐயா அக்காவின் வாசலில் கிடந்த மிதியில் காலைத் தேய் தேயென்று தேய்த்தார். சேறு போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்த்தார். மிதி வழுக்கி, ஒரு ஓரம் மடங்கி எழும்பியது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு கைத்தடியின் நுனியை அந்த ஓரத்தில் கொடுத்து மிதியைப் புரட்டிப் போட்டார்.

பிள்ளையை இறுக்கிப் பிடித்ததில் அது வீறிட்டது. கண்ணை மூட வேண்டும் என்று நினைத்தேன், மூட முடியவில்லை.

கறுப்பு எழுத்து இல்லை. அந்த இடத்தில் சிவப்பாக ஒரு துணி ஒட்டுப் போட்டிருந்தது. கோணல்மாணலான தையல். ஓரத்தில் மங்கிய சரிகை. அக்காவின் கூறைப்புடவை எனக்குத் தெரியும். திருவிழாவுக்கு மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பாள்.

“இது யாரு தச்சது?” என்று கண்டாக்கு ஐயா கேட்டார்.

“நாங்கதாங்க ஐயா. லயமே சேந்து தச்சோம்” என்றாள் அக்கா.

“அடியில எதுக்கு ஒட்டு?”

“சேறு ஊறி அழுகிப் போயிருதுங்க.”

அவர் தடியின் நுனியால் அந்த ஒட்டை அழுத்திப் பார்த்தார். ஒரே ஒரு தையல் விட்டிருந்தால் போதும். லயத்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றார்கள். ஒருத்தியும் என் பக்கம் பார்க்கவில்லை. அவர் அந்த வாசல் வரிசையை நெடுகப் பார்த்தார். என்ன நினைத்தாரோ எனக்கு இன்றுவரை தெரியாது. மிதியைக் காலாலேயே திருப்பிப் போட்டு, மிச்சச் சேற்றையும் அதில் துடைத்துவிட்டு உள்ளே போனார். மற்றக் காம்பராக்களை எட்டி எட்டித்தான் பார்த்தார். பிறகு பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு வாசலாகப் போய் மிதியைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் கடைசிக் காம்பராக்காரியின் பச்சை ரவிக்கைத் துணி. ஒன்றில் யாரோ ஒருத்தியின் தொட்டில் சேலை. ஒன்றில் வீட்டு ஆம்பிளையின் வேட்டிக் கரை. எல்லாம் ஊசி பிடித்துப் பழகாத கை போட்ட தையல். இந்தத் தையலில் ஒன்று அவிழ்ந்திருந்தால் இத்தனை காம்பராவும் காலியாகியிருக்கும் என்பது தொட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. எனக்காகப் பயந்த பயமெல்லாம் அவர்களுக்காக வந்த பயத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“கூறையப் போயி வெட்டுவியா அக்கா?” என்று கேட்டு அழுதேன்.

“முந்தானையிலதான் கொஞ்சம். நீ போயிட்டா இந்தக் காம்பராவுக்கு எவ வருவாளோ. பீலியில நான் யாருகூடச் சண்டை போடுறது?”

வீட்டுக்காரர் மூட்டையை அவிழ்த்துச் சட்டி பானையைப் பழைய இடத்தில் அடுக்கினார். அதற்கப்புறம் நானா கடைத்தெருவில் சொல்லி அரிசிச் சாக்கு வாங்கிக் கொடுத்தார். எழுத்து இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்காமல் நான் கொக்கியை எடுத்ததில்லை. சப்பாத்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வாய் உலர்ந்துவிடும்.

அந்த மிதிகளை மட்டும் நான் விற்கவில்லை. அவை அந்தந்த வாசலிலேயே கிடந்து, எல்லோரும் மிதித்து மிதித்துக் கிழிந்தன.