கடலைப் பார்த்துக் கட்டிய குழாய்

குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் கிளீட்டஸ் மைக்செட்காரர். கல்யாணம், துக்கம், மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் பாட்டுப் போடுவது அவர்தான். ஊருக்கு எந்தப் பாட்டு எப்போது வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. அவருக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று ஊர் கேட்டதே இல்லை. கேட்காதவரைக்கும் ஊருக்கு நல்லது.

மனிதருக்குப் பிடித்தது, தொண்ணூறுகளின் நடுவில் சுவீடன் தேசத்துப் பையன்கள் சிலர் போட்ட முதல் ஆல்பம். இன்று அந்த வகையை மெலடிக் டெத் மெட்டல் என்கிறார்கள். அப்போது அது கண் விழித்துக்கொண்டிருந்த நேரம். ஒருவன் அடிவயிற்றிலிருந்து உறுமுவான். அதற்கு மேலே இரண்டு கித்தார்கள் கைகோத்துக்கொண்டு பாடிக்கொண்டே போகும். வேறு பையன்கள் அதே மாதிரி வாசித்துப் பேர் வாங்கினார்கள். இவர்களை யாரும் சட்டை செய்யவில்லை. பஹ்ரைனில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தபோது, விலைபோகாத கேசட் குவியலில் கிளீட்டஸ் அதைக் கண்டெடுத்தார். அட்டையில் பனி மூடிய காடு. குழுவின் பெயரை முள்ளுச்செடி மாதிரிப் பின்னி எழுதியிருந்ததால், இன்றுவரை அவரால் அதை வாசிக்க முடியவில்லை. அடுத்த கேசட் வருமென்று ஊர் திரும்பும்வரை அந்தக் கடைக்கு நடந்தார். வரவே இல்லை.

அந்தக் கித்தார்கள் எழும்போது அவர் இந்த ஊரில் இருக்கமாட்டார். காணாத பனி கண்ணுக்குள் பெய்யும். வலை காயும் மணல் வெளுக்கும், கடல் மெதுவாக மூச்சு விடும், படகுகள் மரங்களுக்கு நடுவே மிதந்து போகும். துக்கம்தான், ஆனால் இனிக்கிற துக்கம். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைத் தன்னோடு கேட்கமாட்டாரா என்பதுதான் முப்பது வருடமாக அவருக்கிருந்த ஏக்கம். கல்யாணமான புதிதில் மனைவி ராகேலுக்குப் போட்டுக் காட்டினார். அவள் பாதியிலேயே ஜெபமாலையைத் தேடினாள்.

"கித்தாரு கொள்ளாம். இடையில கெடந்து அமறுதானே, அவனுக்கு என்ன சூக்கேடு, வயித்து வலியா?" என்றாள்.

கிளீட்டஸுக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். மீனுக்காக முள்ளைப் பொறுத்துக்கொள்வது மாதிரி, கித்தாருக்காக அந்த உறுமலைப் பொறுத்துக்கொண்டார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழா என்றால் தெருவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதோடு, தூண்டில் வளைவு என்று சொல்லும் கல் தடுப்பின் நுனியில் ஒரு குழாயைக் கடலைப் பார்த்துக் கட்டுவார்கள். தொழிலுக்குப் போனவர்களுக்கும் பூசை கேட்க வேண்டும் அல்லவா. அதற்குத் தனி ஆம்ப்ளிஃபயர்.

இந்த வருடத் திருவிழாவில் ஒரு நாள் காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. கிளீட்டஸ் தெருக் குழாய்களை அணைத்தார், கோயிலுக்குப் பின்னால் இருந்த மைக்செட் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேசட்டிலிருந்து பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்த தன் பாட்டைப் போட்டுக் கண்ணை மூடினார். கடல் குழாயை அணைக்க மறந்துபோனார். கரைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. பாட்டு முழுக்கக் கடலுக்குப் போயிற்று.

பாட்டு முடிந்து கண்ணைத் திறந்தால், அந்த ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிகிறது. அவருக்கு உயிர் போய் வந்தது. மாதாவின் பாட்டுக் கேட்க வேண்டிய கடலில் பேய் உறுமினால் கோயில் கமிட்டிக்காரர்கள் சும்மா விடுவார்களா?

வள்ளங்கள் கரைக்கு வந்தன. மற்றவர்கள் குழாய் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். மரியஜான் மட்டும் ஈரக் கைலியோடு நேரே மைக்செட் அறைக்கு வந்தார். சில வருடங்களுக்கு முன் புயலில் போன சஜினின் தகப்பன் அவர். உடல் கிடைக்கவில்லை. வெறும் பெட்டியை அடக்கம் செய்த அன்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சன் என்று ஊர் பேசியது.

"ஏலே கிளீட்டஸு, காலத்த பூசை முடிஞ்சதும் கடலுக்குப் போட்டது என்ன பாட்டு?"

"கை தவறிப் போச்சு அண்ணே. ஆருட்டயும் சொல்லாண்டாம்."

"நான் ஏசவா வந்தேன்? இன்னும் ஒருக்கா போடு. கேக்கணும்."

கிளீட்டஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார், கதவைச் சாத்தினார், அறைக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார். கித்தார்கள் எழுந்தன.

"இன்னும் கொஞ்சத்துல ஒரு இடம் வரும் அண்ணே. ரெண்டு கித்தாரும் சேந்து..."

"கித்தாரு கெடக்கட்டும். அந்த மனுசன் எப்ப வருவான்?"

"எந்த மனுசன்?"

"கத்துதவன்."

அவன் வந்தான். மரியஜான் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டிய எறக்குனப்ப எனக்கத் தொண்டையில நிண்ணது இதுதான்டே," என்றார். "வெளிய வரல்ல. இவனுக்கு வந்திருக்கு."

இத்தனை வருடம் கித்தாரையே கேட்டுக்கொண்டிருந்த கிளீட்டஸ் அப்போதுதான் அந்த மனிதனைக் கேட்டார். எந்த ஊரிலோ, பெயர்கூட வாசிக்க முடியாத ஒரு பையன் யாருக்காகவோ அழுதிருக்கிறான். அதைத் தான் முள் என்று ஒதுக்கி வைத்திருந்ததை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

மரியஜானின் வாய் மெல்லத் திறந்தது. அதிலிருந்து அதே சத்தம் வந்தது.

வெளியே போகிற வருகிறவர்களுக்கு அது கேட்கக் கூடாதென்று, கிளீட்டஸ் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.