தரகர் கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் அலுவலகத்தில் அவரைத் தரகர் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணத் தரகர். ஒன்றையொன்று நம்பாத நிறுவனங்களின் கணினிகளைச் சேர்த்து வைப்பது அவர் தொழில். கடைசியாக அவர் கையில் வந்தவை ஒரு மருத்துவமனை, ஒரு மருந்துக் கம்பெனி, ஒரு காப்பீட்டு நிறுவனம். மூன்றின் தகவல்களும் தனித்தனி கிளவுடில், அதாவது இணையக் கிடங்கில், இருந்தன. எதையும் விட்டுத்தர மாட்டோம் என்று மூன்று தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. தரகர் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டார்.

"யாரும் வீட்டைக் காலி பண்ண வேணாம். தனித்தனி அடுப்பு, ஒரே வாசல். இன்னார் எங்க ஆளுன்னு ஒரு வீடு சொன்னா மத்த ரெண்டும் நம்பணும். இனிமே எங்க ஆளு இல்லைன்னா அதையும் நம்பணும்."

அந்தக் கடைசிப் பேச்சில்தான் வினையே இருந்தது. ஒருவர் வேலையை விட்டோ உலகை விட்டோ போய்விட்டால் கால் மணி நேரத்துக்குள் அவர் கணக்கு மூன்று இடத்திலும் அழிய வேண்டும், மீட்கவே முடியாதபடி. நோயாளிகளின் ரகசியம் புழங்கும் இடம், விதிவிலக்கே கூடாது என்று அடம்பிடித்தவர் அவரேதான். நான் பாதுகாப்புத் தணிக்கை பார்ப்பவள். அவரோடு நான் சண்டை போடாத விஷயம் அது ஒன்றுதான்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை நிறுத்துவதாக இருந்தாலும் முதலில் கேட்பார்: "இதை நிறுத்தினா யாரு அழுவாங்க?" பதில் தெரியும்வரை கையெழுத்துப் போட மாட்டார். யாருமே படிக்காத ஒரு அறிக்கைக்காக எங்களை ஒன்பது நாள் இழுத்தடித்தார். பத்தாம் நாள், அதை வைத்துத்தான் தன் வேலையையே ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ஆய்வகக்காரர் கிடைத்தார். அதுவரை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்த நான் அன்று அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றுக்கும் பொதுவான அந்த உள்நுழைவு வாசல் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஆள் போன பிறகும் திறந்தே கிடக்கும் கணக்குகளைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்று இருந்தன. அதில் ஒன்று மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணுடையது. இறந்து பதினான்கு மாதம். பெயரை இரண்டு முறை படித்தேன். தரகரின் மனைவி.

பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்குப் போனேன். அவர் பார்த்தார்.

"தெரியும் மேடம். மூடாம விட்டுட்டாங்க. நானும் வாயைத் திறக்கலை."

பிறகு விவரம் சொன்னார். அவருக்கு ரத்த அழுத்தம். தினமும் மூன்று மணிக்கு இவருக்குத் தானாகப் போகும்படி மனைவி தன் மருத்துவமனைக் கணக்கில் ஒரு மெயில் அமைத்து வைத்திருந்தார். ஒரே வரி: மாத்திரை போட்டாச்சா? மனைவி இறந்த பிறகும் அது நிற்கவில்லை. மூன்று மணிக்கு இவர் போனைப் பார்ப்பார், மாத்திரையை விழுங்குவார், சற்று நேரத்தில் வெளியூரில் இருக்கும் மகள் கூப்பிடுவாள். கூட்டத்தின் நடுவில் எழுந்து போகிறாரே என்று நான் எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன். என் நாக்கில் சனி.

"நாற்பதுன்னே எழுதிக்கறேன் சார். இந்த ஒண்ணு என் கண்ணுல படலைன்னு வச்சுக்கங்க."

"விதிவிலக்கு கூடாதுன்னு மேஜையைத் தட்டினவன் நான். என் வீட்டுக்குன்னா மட்டும் சரியா?"

"அப்ப ஒரு தடவை உள்ள போயாவது பார்த்துடுங்க. என்னென்ன இருக்குன்னு."

"அடுத்தவங்க பெட்டியைத் திறக்கக் கூடாது. பொண்டாட்டி பெட்டியானாலும்." பேனாவை எடுத்தார். "இதுல அழப்போறவன் நான் ஒருத்தன்தான் மேடம். எனக்குச் சம்மதம்."

அவர் கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசல் திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பதினொன்றே காலுக்கு நாற்பத்தொரு கணக்குகளும் மூன்று இடத்திலும் இல்லை. மூன்று மணிக்கு அவர் போனைப் பார்த்தார். எதுவும் வரவில்லை. தானாகவே ஒரு மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர் அழுதே இருக்கலாம்.

மகளும் அன்று வழக்கமான நேரத்தில் கூப்பிடவில்லை. நாலு மணிக்குத்தான் போன் அடித்தது. எடுத்ததும் அழுகைச் சத்தம் எனக்கே கேட்டது.

"அப்பா, அம்மா மெயில் இன்னிக்கு வரலைப்பா."

"உனக்கு... உனக்கு எப்படிம்மா?"

"எனக்கும் தினமும் வரும்பா. உங்களுக்குத் தெரியாம என்னையும் அதுல சேர்த்து வச்சிருந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தானே உங்களுக்குப் போன் பண்ணுவேன். மூணு மணியிலேர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

யாரு அழுவாங்க என்று ஊரெல்லாம் கேட்ட மனிதர், சொந்த மகளிடம் கேட்கவில்லை. பதில் தனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டார். நானாவது கேட்டிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

"நீங்க இந்த வேலைதானேப்பா பார்க்கறீங்க? என்னன்னு பார்த்து சரி பண்ணிக் குடுங்கப்பா."

வெள்ளைப் பலகையில் அந்த மூன்று கட்டங்கள் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தன. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்க்கறேன்மா" என்றார்.